அடர்த்திக்கு நாலு பெயர்: காதுகேளாத பிள்ளைகளின் அறிவியலும் கைபேசிச் சைகை அகராதியும்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும்போது எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் காலையில் உறைந்து கிடக்கும். வெயில் ஏற ஏற இளகும். பாதி இளகிய நேரத்தில் பார்த்தால் வெள்ளைக் கட்டி பாட்டிலின் அடியில் இருக்கும், தெளிந்த எண்ணெய் மேலே நிற்கும். ஒருநாள் என் அக்கா மகள் அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அடியில் கிடந்த கட்டியைக் காட்டினாள். அப்புறம் ஃபிரிட்ஜைக் காட்டி, டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டி மேலே மிதப்பதைக் கைகளால் செய்து காட்டினாள். ஐஸ் மேலே நிற்கிறது, எண்ணெய்க் கட்டி கீழே போகிறது, ஏன்? புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒன்பதாம் வகுப்பு. மேற்கே ஒரு சிறப்புப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழியில். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம். என் மகன் இங்கேயே தமிழ்வழியில் படிக்கிறான், கேரள அரசு அச்சிடும் தமிழ்ப் பாடநூல் அவனுக்குக் கிடைக்கிறது. அவள் படிக்கும் பள்ளி மலையாளவழி.

அவள் கேட்ட கேள்விக்கு விடை ஒரே சொல்லில் இருக்கிறது. என் மகன் புத்தகத்தில் அது அடர்த்தி. அவள் புத்தகத்தில் சாந்திரத. கைபேசியில் தேட வேண்டுமானால் டென்சிட்டி என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். நாலாவதாக ஒரு சைகை இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த நாலாவதுதான். மற்ற மூன்றும் அங்கே போய்ச் சேருகிற வாசல்கள். சைகை மொழி ஆப்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே எத்தனை ஆயிரம் சொல் இருக்கிறது என்றுதான் முதலில் சொல்கிறார்கள். வாசல் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும், உள்ளே போனால் சொல் மட்டும் கிடைக்கிறதா, விளக்கமும் கிடைக்கிறதா என்பதையும் அதே அளவுக்குக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கையால் பேசும் தமிழ் அல்ல

சைகை மொழி என்றால் தமிழையோ மலையாளத்தையோ அப்படியே கையில் செய்து காட்டுவது என்று எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்திய சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு. நேரத்தைக் குறிக்கும் சைகை பெரும்பாலும் முன்னால் வரும், 'என்ன', 'ஏன்' போன்ற கேள்விச் சைகை கடைசியில் வரும். புருவம், உதடு, தோள், உடம்பு சாயும் திசை எல்லாமே இலக்கணத்தில் பங்கெடுக்கும். பேசுகிறவர் தன் முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஒரு பொருளை இடப்பக்கம் வைக்கிறார், இன்னொன்றை வலப்பக்கம் வைக்கிறார், பிறகு இரண்டுக்கும் நடுவே நடப்பதைக் காட்டுகிறார். ஒரு வாக்கியம் படம்போல விரியும்.

எழுத்து எழுத்தாகக் காட்டும் விரலெழுத்து இதற்குள் ஒரு சிறு பகுதி. இந்தியாவில் பரவலாகப் பழகுவது ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளால் காட்டும் முறை, அது பிரிட்டிஷ் முறையோடு உறவுடையது. சைகை தெரியாத பெயர்ச்சொல் வந்தால் இதில் எழுத்துக்கூட்டுவார்கள். 1997இல் தொடங்கிய, இப்போது திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இயங்கும் நிஷ் என்ற தேசியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 2021இல் மலையாள எழுத்துகளுக்கும் ஒரே சீரான விரலெழுத்தை உருவாக்கி வெளியிட்டது. மலையாளத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் விரலெழுத்தால் 'சாந்திரத' என்று நீட்டி எழுதிக் காட்டிவிட்டால் பிள்ளைக்குச் சொல்லின் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. நமக்கு யாராவது ஒரு கிரேக்கச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த மொழியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைத்த வரலாறு நீளமானது. 1880இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவையும் பேச்சையும் கொண்டே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் காற்று உலகம் முழுக்க அடித்தது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காதுகேளாதோர் பள்ளி எழுந்த தென்னாட்டிலும், வகுப்பில் கையை அசைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறைகள் உண்டு. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலன் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவே 130 வருடம். அந்த 130 வருடத்தில் பிற மொழிகளில் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் கலைச்சொற்கள் குவிந்தன, சைகை மொழிகளில் குவியவில்லை. வகுப்பறையில் புழங்காத மொழியில் கலைச்சொல் எங்கிருந்து வரும்?

ஒரு ஜோடிக் கண்

என் மகன் 'பிரஷர்' என்ற சொல்லை அறிவியல் புத்தகத்தில் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே காதால் கேட்டிருந்தான். பிரஷர் குக்கர், தாத்தாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது, சைக்கிள் டயரில் பிரஷர் போதாது. 'வோல்டேஜ் கம்மி', 'அரை லிட்டர்', 'முக்கால் கிலோ', 'டபுள் ரேட்' எல்லாம் அவன் காதில் யாரும் கற்பிக்காமலே விழுந்தவை. அக்கா மகள் குக்கரில் ஆவி சீறுவதை அவனைவிட உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் அதோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டு அவளிடம் வரவில்லை. காதுகேளாத பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் வீட்டில் மொழி ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளை மட்டும் கரையில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அவள் ஆறு வயதில் பள்ளி விடுதிக்குப் போகும்வரை அதுதான் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

வகுப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, காது கேட்கிறவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. ஆய்வகத்தில் ஆசிரியர் ஒரு குடுவையில் அமிலத்தை ஊற்றிக்கொண்டே "நிறம் மாறுவதைப் பாருங்கள்" என்று சொல்கிறார். காது கேட்கிற பிள்ளை கண்ணால் குடுவையைப் பார்க்கும், காதால் விளக்கத்தை வாங்கும். காதுகேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் ஒரே ஜோடிக் கண். குடுவையைப் பார்த்தால் சைகையைத் தவறவிடும், சைகையைப் பார்த்தால் நிறம் மாறிய கணத்தைத் தவறவிடும். நல்ல சிறப்பு ஆசிரியர்கள் முதலில் என்ன நடக்கப்போகிறது என்று சைகையில் சொல்லி, கையை இறக்கி, பரிசோதனையைக் காட்டி, மறுபடியும் கையைத் தூக்குவார்கள். இதற்கு நேரம் ஆகும். கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டால் பார்க்க வேண்டிய மூன்றாவது இடம் ஒன்று கூடுகிறது. அதனால் வகுப்பு நடக்கும்போது இந்தக் கருவிகள் பெரிய பயன் தருவதில்லை. வகுப்புக்கு முந்தின நாளும் பிந்தின நாளும்தான் அவற்றின் நேரம்.

அந்த நேரத்தில் அவை செய்கிற உதவி சாதாரணமானது அல்ல. சைகை மொழிக்குப் பரவலாகப் புழங்கும் எழுத்து வடிவம் கிடையாது. காது கேட்கிற பிள்ளை ஆசிரியர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் திருப்பிப் படிக்கும். காதுகேளாத பிள்ளை தன் மொழியில் கேட்ட பாடத்தை எதில் எழுதிக்கொண்டு வரும்? ஆசிரியர் கையை இறக்கியதும் அது காற்றில் போய்விடும். வீடியோ எடுக்கவும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும் கைபேசி வந்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு நோட்டு என்று ஒன்று கிடைத்தது.

அறிவியலில் இன்னொரு குழி, அன்றாடச் சொல்லே கலைச்சொல்லாக வருவது. தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்கும் சுமட்டுத் தொழிலாளி இயற்பியல் கணக்கில் அந்த மூட்டையின்மேல் வேலை எதுவும் செய்யவில்லை, ஏனென்றால் இடப்பெயர்ச்சி இல்லை. இதைச் சொல்லும் ஆசிரியர் 'வேலை' என்பதற்கு உத்தியோகம், உழைப்பு என்ற பொருளில் வரும் சைகையைக் காட்டினால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் குழப்பம் இன்னும் ஒரு சுற்று கூடும். தமிழில் விசை, மலையாளப் புத்தகத்தில் பலம். தமிழில் அழுத்தம், அங்கே மர்த்தம். திசைவேகம் அங்கே பிரவேகம், முடுக்கம் அங்கே துவரணம், செல் அங்கே கோசம். காது கேட்கும் எல்லையோரப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சமாளித்துவிடுவார்கள். என் அக்கா மலையாளம் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. மகளுக்குப் பாடம் சொல்லித்தர அவள் உட்கார்ந்தால், புத்தகத்தில் உள்ளதை அம்மாவால் வாசிக்க முடியாது, அம்மா வாயால் சொல்வதை மகளால் கேட்க முடியாது.

கணக்கில் எண்கள் பிள்ளையைத் தடுப்பதில்லை, வாக்கியம்தான் தடுக்கிறது. 'அவனிடம் இருப்பது இவனிடம் இருப்பதைவிட ஐந்து குறைவு' என்பதில் முழுக் கணக்கும் 'விட' என்ற ஒட்டில் தொங்குகிறது. 'வகுபடாத', 'குறையாத' என்பவற்றில் ஒரே எழுத்து பொருளைத் தலைகீழாக்கிவிடும். இதையே சைகையில் சொல்லும்போது இருவரையும் இடமும் வலமுமாக வைத்து, ஒருவர் பக்கம் உயரமாகவும் மற்றவர் பக்கம் தாழ்வாகவும் காட்டி, நடுவில் உள்ள இடைவெளி ஐந்து என்று காட்டலாம். பார்த்தவுடன் கழித்தல் கண்ணில் படும். பின்னங்கள், விகிதம், வடிவியல் மூன்றும் வெற்றிடத்தில் அழகாக நிற்கக்கூடியவை. கணிதத்துக்குச் சைகை மொழி பற்றாது என்று சொல்கிறவர்கள் நல்ல சைகையாளர் ஒருவர் முக்கோணத்தைச் சுழற்றுவதைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கைபேசிக்குள் வந்த பாதை

அறிவியல், கணிதச் சொற்களுக்கென்றே சைகை அகராதி செய்து கைபேசிக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் அமெரிக்காவின் டெர்க் நிறுவனம் செய்தது முக்கியமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கல்வி ஆராய்ச்சி அமைப்பு அது. வீகாம்3டி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, கணினியில் வரைந்த உருவங்கள் சைகை செய்யும் அகராதிகளைத் தயாரித்தார்கள். சிறு வகுப்புக்குப் பட அகராதி, நடு வகுப்புக்கு அறிவியலும் கணிதமும், உயர் வகுப்புக்கு இயற்பியல் சார்ந்தது, உயிரியல், புவி அறிவியல் என்று பிரித்தார்கள். சொல்லுக்கு மட்டும் சைகை கொடுத்து நிறுத்தாமல் அதன் வரையறையையும் சைகையில் கொடுத்தார்கள். அது சரியான முடிவு. ஐபோனிலும் ஐபேடிலும் அவை வந்தன. அவை அமெரிக்கச் சைகை மொழி, நம் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவாது. ஆனால் வடிவமைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்காட்டிஷ் சென்சரி சென்டர் வேறொரு வழியில் போனது. அறிவியல் படித்த காதுகேளாதவர்களும் சைகை மொழியியலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பிரிட்டிஷ் சைகை மொழிக்குப் புதிய கலைச்சொற்களைச் செய்து, வீடியோவாக வெளியிட்டார்கள். நிறை, எடை, அடர்த்தி போன்ற உறவுள்ள கருத்துகளுக்குக் கைவடிவத்திலும் உறவு தெரியும்படி ஒரு குடும்பமாகச் சைகைகளை அமைத்தார்கள். ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அடுத்தது பாதி புரிந்துவிடும். தமிழில் 'முடுக்கு', 'முடுக்கம்', 'முடுக்கி' என்று ஒரே வேரிலிருந்து சொல் கிளைப்பது போலத்தான். நல்ல கலைச்சொல் தன் பொருளைத் தானே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும் என்று தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் கவலைப்பட்டதையே இவர்கள் கையில் செய்தார்கள்.

நம் நாட்டில் இது தாமதமாகத் தொடங்கி வேகமெடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்புக் குறையுடையோர் 50 லட்சத்துக்கு மேல். 2015இல்தான் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைந்தது. 2018 மார்ச்சில் 3,000 சொற்களோடு அகராதியின் முதல் பதிப்பு, 2019இல் 6,000, 2021 பிப்ரவரியில் 10,000. அன்றாடச் சொற்களோடு கல்வி, மருத்துவம், சட்டம் சார்ந்த சொற்களும் அதில் உண்டு. 2020 அக்டோபரில், தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் என்சிஇஆர்டியோடு ஒப்பந்தம் போட்டு 1 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடநூல்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நாடு முழுக்கச் சைகை மொழியைச் சீர்ப்படுத்திப் பாடப்பொருள் தயாரிக்கச் சொல்கிறது. 2022 செப்டம்பர் 23, உலகச் சைகை மொழிகள் நாளன்று 'சைன் லேர்ன்' என்ற ஆப் வெளியானது. அந்த 10,000 சொல் அகராதிதான் அதன் அடிப்படை. 2024 டிசம்பரில் பிஎம் இ-வித்யா என்ற மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சி வரிசையில் 31ஆம் சேனல் சைகை மொழிக்கென்றே வந்தது.

எங்களுக்கு அருகிலேயே, கோயம்புத்தூரில், ராமகிருஷ்ண மிஷனின் மாற்றுத்திறன் கல்விப் புலம் இணையத்தில் ஒரு இந்திய சைகை மொழி அகராதியை முன்பே செய்து வைத்திருந்தது. அக்கா மகள் சின்னவளாக இருந்தபோது நான் சைகை கற்றுக்கொள்ளத் தேடியது அதைத்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் செய்த வேலை இந்தப் பக்கம் ஒரு சித்திக்கு உதவியது.

இப்போது வாசலுக்கு வருகிறேன். சைன் லேர்ன் வெளியானபோது அறிவிக்கப்பட்டபடி அதில் ஆங்கிலம் வழியாகவோ இந்தி வழியாகவோ சொல்லைத் தேடலாம். மலையாளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தமிழ் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு வாசலும் அடுத்த தெருவில் இருக்கின்றன. 'துவரணம்' என்ற சொல்லைப் படித்தவள் முதலில் அதன் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், அதைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு கேட்டவர்களுக்கே கஷ்டம், ஒலியே கேட்காதவளுக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய எழுத்துக் கோவை. அகராதிக்குள் பத்தாயிரம் சைகை இருந்தும் அவள் வாசலில் நின்றுவிடுகிறாள்.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். சைகை வீடியோ ஒன்றேதான், அகராதி நாடு முழுக்கப் பொதுவானது. ஒவ்வொரு வீடியோவோடும் அதற்கான தமிழ், மலையாள, தெலுங்கு, கன்னடப் பாடநூல் சொற்களை ஒரு பட்டியலாக இணைத்தால் போதும். அந்தந்த மாநிலப் புத்தகம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அந்தச் சொல்லே வேண்டும், அகராதியில் பொதுவாக உள்ள இணைச்சொல் போதாது. ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு பட்டியல் போட ஒரு கோடை விடுமுறை போதும் என்று நான் நம்புகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது. பாடத்தின் பக்கத்திலேயே அந்தப் பாடத்துச் சைகைகளுக்கு ஒரு கோடு வைத்தால் எழுத்துக்கூட்டும் தொல்லையே இல்லை, கேமராவைக் காட்டினால் போதும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவானாலும் சரி, ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு பக்கம் தெலுங்குவழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையானாலும் சரி, வாசல் பிரச்சினை ஒன்றுதான்.

இயந்திரம் எதுவரை

கையசைவைக் கேமராவில் பார்த்து எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. கல்லூரி மாணவர்கள் கையுறை செய்கிறார்கள், போட்டியில் பரிசு வாங்குகிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இன்று எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கூகுள் 2019இல் வெளியிட்ட கருவி கைபேசிக் கேமராவிலேயே ஒரு கையின் 21 புள்ளிகளைப் பின்தொடரும். 2020இல் சென்னை ஐஐடியோடு சார்ந்த ஏஐ4பாரத் குழு இந்திய சைகை மொழிக்கு 'இன்க்ளூட்' என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டது. அதில் 15 வகைகளில் 263 சொற்கள், 4,287 வீடியோக்கள். அருமையான தொடக்கம், ஆனால் தனித்தனிச் சொற்கள். வாக்கியமாகப் பேசும்போது சைகைகள் ஒன்றோடொன்று கலக்கும், முகம் பொருளை மாற்றும், இடப்பக்கம் வைத்த பொருள் ஐந்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருப்பதாகக் கொள்ளப்படும். கையில் உள்ள 21 புள்ளிகளால் மட்டும் இதையெல்லாம் பிடிக்க முடியாது. தவிர, இது காதுகேளாதவர் சொல்வதை நமக்குப் புரியவைக்கும் கருவி. பாடம் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது எதிர்த்திசை.

எதிர்த்திசையில் வருவதுதான் அவதார் எனப்படும் வரைகலை உருவம். எழுத்தைக் கொடுத்தால் அது சைகை செய்யும். டேட்டா குறைவாகப் போதும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், உருவத்தைத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கலாம். தனிச் சொல்லுக்கு இது உதவும். முழுப் பாடத்தை அதனிடம் விட்டால் முகமில்லாத ஒருவர் பாடம் நடத்துவது போல ஆகிவிடும். உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பும் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018இல் கூட்டாக ஒரு அறிக்கை வெளியிட்டு, மனித மொழிபெயர்ப்பாளருக்குப் பதிலாக அவதாரை வைத்துவிடக் கூடாது என்று எச்சரித்தன. அக்கா மகளிடம் ஒருமுறை அவதார் வீடியோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சைகை மொழியில் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க அரசைக் கடமைப்படுத்துகிறது, மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களையும் சேர்த்து. என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. சைகை தெரிந்த ஆசிரியர் இருக்கிற வகுப்பில் ஆப் பயனுள்ள நோட்டாகிறது, இல்லாத வகுப்பில் அது ஆசிரியரின் நாற்காலியில் வைத்த பொம்மையாகிறது. காதுகேளாதவரே அறிவியல் ஆசிரியராக வந்தால் இன்னும் நல்லது. புதிய சைகை பிறக்க வேண்டிய இடம் அந்த வகுப்புதான். விடுதிகளில் பிள்ளைகள் தாங்களாகவே சைகை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியில் பிறந்தது இன்னொரு பள்ளிக்குத் தெரியாமல் போகிறது. அவற்றைச் சேகரித்து, நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பரப்ப ஒரு வழி வேண்டும், அதற்குக் கைபேசியைவிடத் தோதான கருவி இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்னவை. எங்கள் பக்கம் டவர் சரியாக எடுக்காது என்பதால் பாட வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறோம். முதல்முறை பாதி வேகத்தில் பார்ப்பாள், கைபேசியை மேசையில் சாய்த்து வைத்தால்தான் அவளுடைய இரண்டு கைகளும் திருப்பிச் செய்து பார்க்கக் கிடைக்கும். வெளிச்சம் அவள் முகத்தில் பட வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசினால் நம் முகம் அவளுக்கு இருட்டாகத் தெரியும். இதெல்லாம் அவளே எங்களுக்குச் சொல்லித்தந்தது.

சரி, எண்ணெய் பாட்டில். அன்று ஆப்பில் தேடிக்கொண்டிருக்கவில்லை. அடுக்களையில் உள்ள சின்னத் தராசை எடுத்தோம். ஒரே கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி நிறுத்தோம், துடைத்துவிட்டு அதே அளவு எண்ணெய் ஊற்றி நிறுத்தோம். எண்ணெய் லேசாக இருந்தது. அப்புறம் இரண்டு சின்னக் கிண்ணங்களில் தண்ணீரும் உருகிய எண்ணெயும் வைத்து உறையவிட்டோம். மறுநாள் ஐஸ் கிண்ணத்தின் நடுவில் புடைத்திருந்தது, எண்ணெய் நடுவில் குழிந்திருந்தது. அவள் ஐஸைப் பார்த்தாள், குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து வைத்து மெல்ல நெருக்கி இறுக்கமாக மூடினாள், கீழே இறக்கினாள். எண்ணெய் உறையும்போது நெருங்குகிறது, அதனால் அடியில் போகிறது. மறுபடி கைகளை மூடி, கொஞ்சம் அகலத் திறந்து, மேலே தூக்கினாள். தண்ணீர் உறையும்போது விலகுகிறது. என் மகன் பக்கத்தில் நின்று, "அடர்த்தி, அக்கா, அடர்த்தி" என்று கத்திக்கொண்டே நோட்டில் எழுதிக் காட்டினான்.

திங்கட்கிழமை விடுதிக்குப் போனவள் இரவில் வீடியோ கால் செய்தாள். பிளஸ் டூ அக்காக்கள் அடர்த்திக்குச் செய்யும் சைகை வேறு, தான் செய்தது வேறு என்று இரண்டையும் காட்டினாள். அவர்கள் சைகையை ஒரு வீடியோவாக எடுத்து அனுப்பினாள். இப்போது அவள் நோட்டில் நாலு கட்டம் போட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் கட்டத்தில் அவள் எழுதும் மலையாளச் சொல், இரண்டாவதில் என் மகன் எழுதும் தமிழ்ச் சொல், மூன்றாவதில் ஆங்கிலம், நாலாவதில் கைபேசியில் சேர்த்து வைத்த சைகை வீடியோவின் எண். போன வாரம் 'மர்த்தம், அழுத்தம், பிரஷர்' என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. அதன் நாலாவது கட்டம் இன்னும் காலி. சனிக்கிழமை வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.